மாடி அறையின் இரண்டாவது சாவி

சிறுத்தைப் பல்லி நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வரை உயிர் வாழும். முனைவர் பட்ட ஆய்வு ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆய்வு முடியாவிட்டாலும் உதவித்தொகை முடிந்துவிடும். இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு வளர்ப்பு விலங்கை ஏற்றுக்கொள்ளும் ஆய்வு மாணவர்கள் குறைவு. அயலூரில், வாடகை அறையில் தனித்திருப்பவருக்கு இன்னோர் உயிர் உடனிருப்பது ஆறுதல். நாய்க்கும் பூனைக்கும் பெரும்பாலான வீட்டு உரிமையாளர்கள் சம்மதிப்பதில்லை. சத்தமிடாத, முடி உதிர்க்காத, வாரத்திற்கு இரண்டு மூன்று முறை இரை போட்டால் போதுமான பல்லி அந்த இடத்தை எளிதாக நிரப்பிவிடுகிறது. வளர்ப்பவர் ஊருக்குப் புறப்படும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பெங்களூர் மத்திகெரேயில் ஒரு மாடி அறையில் குடியிருந்த ஆய்வு மாணவர் ஒருவருக்கு அந்த நாள் 2020 மார்ச் 20 அன்று வந்தது. தென்காசிப் பக்கத்துக்காரர், தாவரச் சூழலியலில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். பல்லியை அவர் விலைக்கு வாங்கவில்லை. 2018இல் பட்டம் பெற்று வெளிநாடு சென்ற மூத்த மாணவர் ஒருவர் கண்ணாடிப் பெட்டி, சூடேற்றும் விரிப்பு, பாதி தீர்ந்த கால்சியம் தூள் எல்லாவற்றோடும் அதை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். மேசை விளக்கும் மிதிவண்டியும் மூத்தவர்களிடமிருந்து இளையவர்களுக்குக் கைமாறுவதைப் போலவே ஓர் உயிரும் கைமாறியிருந்தது. ஆய்வு நிறுவனங்களைச் சுற்றிய தெருக்களில் இது அரிய நிகழ்ச்சி அல்ல.

சுவரில் ஓடும் வீட்டுப் பல்லியைப் பார்த்துப் பழகியவருக்கு இந்தப் பல்லி வேறொரு பிராணியாகவே தோன்றும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், அவற்றை ஒட்டிய வடமேற்கு நிலப்பரப்பின் வறண்ட பாறைப் பகுதிகள் இதன் தாயகம். எட்வர்ட் பிளைத் 1854இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். விரல்களின் அடியில் ஒட்டும் திண்டுகள் இல்லாததால் இது சுவரிலோ கண்ணாடியிலோ ஏறாது. வீட்டுப் பல்லிக்கு அசையும் இமை கிடையாது. அது நாவால் தன் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கு இமை உண்டு. கண்ணை மூடித் தூங்கும், விழித்தால் இமைக்கும். தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைக்கும். அந்தச் சேமிப்பின் பலத்தில், வளர்ந்த நலமான பல்லி ஒரு வாரமோ இரண்டு வாரமோ இரையின்றித் தாக்குப்பிடிக்கும். தண்ணீரின்றி அவ்வாறு இருக்க இயலாது.

உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத விலங்கு என்பதால் அதற்குப் பெட்டிக்குள் இரண்டு பருவங்கள் வேண்டும். ஒரு முனையில் 31, 32 பாகை செல்சியஸ் வெதுவெதுப்பு. மறுமுனையில் 25 பாகை அளவு. எங்கே படுப்பது என்பதைப் பல்லி தானே தீர்மானிக்கும். வயிற்றுக்கு அடியில் சூடு கிடைக்காவிட்டால் விழுங்கிய இரை செரிக்காது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் வெப்பம் 15, 16 பாகைக்கு இறங்கும். ஆகவே குளிர்காலத்தில் சூடேற்றும் விரிப்பும், அது அளவுமீறிச் சுட்டுவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டும் இன்றியமையாதவை.

தந்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. நான்கு நாள் பயணம். நான்கு நாட்களுக்கு ஒரு பல்லியைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை. ஆயினும் அவர் ஒரு தாளில் குறிப்புகள் எழுதி, அறையின் இரண்டாவது சாவியோடு கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஒரே மகன் அமெரிக்காவில். புலால் உண்ணாதவர்.

"ஞாயித்துக்கிழமை தண்ணி மட்டும் மாத்தினா போதும்மா. செவ்வாய்க்கிழமை காலையில நான் வந்துடுவேன்."

"மாத்தறேன் தம்பி. மூடியைத் தொறந்தா மேல பாயாதே?"

"பாயாதும்மா. அது பாட்டுக்கு உள்ளே படுத்திருக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மார்ச் 22. நாடு முழுவதும் மக்கள் ஊரடங்கு. பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அவர் பெங்களூரில் இறங்கியிருக்கவேண்டிய செவ்வாய்க்கிழமையன்று இரவு எட்டு மணிக்கு 21 நாள் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, நான்கு மணி நேரத்தில் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 14 என்றது மே 3 ஆயிற்று. பிறகு மே 17. பிறகு மே 31. கால்நடைத் தீவனத்திற்கு ஊரடங்கிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. பல்லிக்கு இரையாகும் மாவுப்புழுவையும் சுவர்க்கோழியையும் வளர்த்து விற்பவர்களை எந்தப் பட்டியலும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவருடைய நிறுவனத்தின் விலங்குக் கூடத்திற்கு ஊழியர்கள் அனுமதிச்சீட்டோடு வந்து போனார்கள். மாடி அறையில் இருந்த ஒற்றைப் பல்லிக்குக் கூடமும் இல்லை, ஊழியரும் இல்லை. சாவி வைத்திருந்த ஒருவர் மட்டுமே இருந்தார்.

அந்த அம்மாவின் முதல் அச்சம் நஞ்சு. பல்லி விழுந்த உணவை உண்டால் உயிருக்கு ஆபத்து என்பது தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருவது. நஞ்சுள்ள பல்லி இனம் நம் வீடுகளில் இல்லை. சிறுத்தைப் பல்லிக்கும் நஞ்சு கிடையாது. அச்சத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் அடிப்படை உண்டு. ஊர்வனவற்றின் கழிவில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். பெட்டியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். 2020 மார்ச் மாத இறுதியில் இதை யாருக்கும் இரண்டு முறை சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

இரண்டாவது தடை அச்சத்தைவிடப் பெரியது. பெட்டியின் அருகே ஒரு டப்பாவில் ஏறத்தாழ 200 மாவுப்புழுக்கள் இருந்தன. அவற்றை இடுக்கியால் எடுத்து, கால்சியம் தூளில் புரட்டி, உயிரோடு பல்லிக்கு வைக்கவேண்டும். அசையாத இரையைச் சிறுத்தைப் பல்லி பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

"உயிரோட இருக்கிறதை எடுத்து இன்னொரு உயிருக்குப் போடச் சொல்றியே தம்பி" என்றார் அவர் தொலைபேசியில். மாணவரிடம் பதில் இல்லை. வாலில் கொழுப்பு இருக்கிறது, இன்னும் ஒரு வாரம் தாங்கும், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவே அழைத்தார்.

"போட்டுட்டேன். ஏழு. போட்டுட்டு நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டேன்."

சற்று நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, வேறொன்றும் சொன்னார்: "தம்பி, அது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுது. நம்ம வீட்டுப் பல்லி சிமிட்டாது இல்லே?" ஈராண்டுகளாகத் தன் நண்பர்களுக்குப் பல்லியைக் காட்டிவந்த மாணவருக்கு இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

ஏப்ரலில் புழுக்கள் கூட்டுப்புழுக்களாக மாறத் தொடங்கின. மாவுப்புழு என்று அழைக்கப்படுவது உண்மையில் ஒரு வண்டின் இளம்பருவம். வெப்பம் மிகுந்தால் வளர்ச்சி விரையும். குளிர்ச்சியில் வைத்தால் வளர்ச்சி தேங்கி, இருப்பு பல வாரங்கள் நீடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று மாணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அது மட்டும் ஆகாது தம்பி. அதுல சாமிக்குப் பூ வச்சிருக்கேன்" என்று பதில் வந்தது. மறுப்பதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

மாற்றுவழி, வளர விடுவது. கோதுமைத் தவிடு நிரப்பிய அகலமான டப்பாவில் கூட்டுப்புழுக்களை விட்டு, ஈரத்திற்கு ஒரு கேரட் துண்டு வைத்தால் அவை வண்டாகி முட்டையிடும். முட்டை பொரித்துப் புதுப் புழுக்கள் இரையாகும் அளவிற்கு வளர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும். எஞ்சியவை அதுவரை தாங்குமா என்பதுதான் கேள்வி. மூன்று நாளைக்கு ஒரு முறை ஏழு புழு என்பதை ஐந்தாகக் குறைத்தார்கள். மாடித்தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்கும் வழக்கம் அந்த அம்மாவுக்கு இல்லை; ஆகவே கறிவேப்பிலைத் தொட்டியருகே பிடிபட்ட சிறு வெட்டுக்கிளிகளும் இரையாயின. மருந்து தெளித்த தோட்டத்துப் பூச்சியைப் பல்லிக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. பூச்சியின் உடலில் தங்கிய நஞ்சு பல்லியைச் சேரும். இரவில் தின்னாமல் விட்ட பூச்சியையும் பெட்டியில் விட்டுவைக்கக் கூடாது. பசித்த சுவர்க்கோழி உறங்கும் பல்லியையே கடிக்கும்.

விதைகளை எடை பார்க்க மாணவர் வைத்திருந்த சிறிய மின்னணுத் தராசு அறையிலேயே இருந்தது. ஊரடங்கின் முதல் வாரத்தில் 58 கிராம் இருந்த பல்லி ஏப்ரல் இறுதியில் 53 கிராமாக இறங்கியது. வாலின் அடிப்பகுதி சற்று மெலிந்தது ஒளிப்படங்களில் தெரிந்தது. தென்காசியில் இருந்தவரால் செய்ய முடிந்தது படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது மட்டுமே.

பருவம் துணைநின்றது என்று சொல்லவேண்டும். இதே ஊரடங்கு டிசம்பரில் வந்திருந்தால் ஓர் இரவு மின்வெட்டுகூடப் பெருங்கவலையாகியிருக்கும். ஏப்ரல் பெங்களூரின் வெப்பம் மிகுந்த மாதம். கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருக்கும் மாடி அறையில் பிற்பகல் வெப்பம் 34, 35 பாகையைத் தொட்டது. பெட்டி முழுவதும் ஒரே சூடாகிவிட்டால் பல்லிக்கு ஒதுங்க இடமிருக்காது. விரிப்பின் மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியை மேசையிலிருந்து தரைக்கு இறக்கி, சன்னலுக்கு எதிர்ப்புறம் நகர்த்தச் சொன்னார். அந்த அம்மா தன் மருமகளிடம் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டே பெட்டியை நகர்த்தினார். இரண்டு கண்டங்களிலிருந்து இருவர் வழிகாட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி மூன்றடி நகர்ந்தது.

மே முதல் வாரத்தில்தான் உண்மையான நெருக்கடி. பல்லி தோல் உரித்தது. உரித்த தோலைத் தானே தின்றுவிடுவது அதன் வழக்கம். ஈரம் போதாதபோது விரல் நுனிகளில் தோல் மோதிரம்போல் தங்கிவிடும். நாளடைவில் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். விரல் கறுத்து உதிரும். இதற்காகவே பெட்டியில் ஈரப் பாசியோ நனைத்த துணியோ இட்ட மூடிய பதுங்கிடம் ஒன்று இருக்கவேண்டும். குறிப்புத்தாளில் அது எழுதப்பட்டிருந்தது. ஆனால் நான்கு நாட்களுக்கான தாள் அது. துணியை எத்தனை நாளைக்கு ஒரு முறை நனைப்பது என்பது அதில் இல்லை. காணொளியில் பின்னங்காலின் மூன்று விரல்களில் வெண்மையான வளையங்கள் தெரிந்தன.

ஊர்வன விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் பெங்களூரிலும் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் தொலைபேசியில் வழி சொன்னார். விரல் மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் பத்து, பதினைந்து நிமிடம் நிற்க வைத்து, ஈரப் பஞ்சுக்குச்சியால் மெல்ல உருட்டவேண்டும், இழுக்கக் கூடாது. வாலைப் பிடிக்கவே கூடாது. அஞ்சினால் பல்லி வாலைக் கழற்றிவிடும். மீண்டும் முளைக்கும் வாலில் முதுகெலும்புத் தொடர் இராது, குருத்தெலும்பே இருக்கும். சேமித்த கொழுப்பும் போய்விடும். மெலிந்திருக்கும் பல்லிக்கு அது தாங்க முடியாத இழப்பு.

பல்லியைத் தொட மாட்டேன் என்று மார்ச்சில் உறுதியாகச் சொன்னவர் மூன்று நாள் மாலை வேளைகளில் அதைக் கையில் ஏந்தி நீரில் நிறுத்தினார். இரண்டு விரல்கள் மீண்டன. மூன்றாவதன் நுனி கறுத்து உதிர்ந்தது. அன்றிரவு அவர் மாணவரை அழைக்கவில்லை. மறுநாள் காலையில்தான் சொன்னார். மாணவரின் தந்தைக்குக் கண் ஆறாமல் நீர் வடிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மேலும் ஒரு கவலையை இரவில் சேர்க்கவேண்டாம் என்று நினைத்திருந்தார்.

தென்காசி வீட்டில் பல்லிகளுக்குக் குறைவில்லை. பேச்சின் நடுவே சுவரிலிருந்து ஒலி வந்தால் மாணவரின் தாயார் பேச்சை நிறுத்தி, தரையை விரலால் தட்டி, "பல்லி சொல்லுது, நடக்கும்" என்பார். எந்தத் திசையில் ஒலித்தால் என்ன பலன், உடலின் எந்த இடத்தில் விழுந்தால் என்ன பலன் என்று கௌளி சாஸ்திரம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. சங்கப் பாடல்களில், பிரிந்து சென்ற தலைவன் திரும்புவான் என்பதற்குச் சுவர்ப்பல்லியின் ஒலியை நன்னிமித்தமாகக் கொள்ளும் வழக்கம் பதிவாகியுள்ளது. குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாடல் ஒன்றில், பாலைவழியில் தன் துணையை அழைக்கும் பல்லியின் குரல், கள்வர் அம்பின் முனையை நகத்தில் தீட்டிப் பார்க்கும் ஓசைக்கு ஒப்பிடப்படுகிறது. அந்தக் குரலைக் கேட்கும்போதாவது அவர் நம்மை நினைக்கமாட்டாரா என்பது தலைவியின் ஏக்கம். ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழில் பல்லி, பிரிந்தவரைப் பற்றி வீட்டில் இருப்பவரிடம் பேசி வந்திருக்கிறது. மத்திகெரேயில் இருந்ததோ அவ்வாறு ஒலிக்காத இனம். அதன் நலத்தை யாராவது சொன்னால்தான் உண்டு.

ஜூன் 2 அன்று மாணவர் திரும்பினார். தமிழகத்தின் இ-பாஸ், கர்நாடகத்தின் சேவா சிந்து பதிவு, ஓசூர் எல்லையில் சோதனை எல்லாம் கடந்து வந்தவருக்கு 14 நாள் தனிமைப்படுத்தல். மாடி அறையில் அவரும் பல்லியும். மூன்று வேளையும் அந்த அம்மா தட்டைப் படிக்கட்டின் மேல்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு இறங்கிவிடுவார். 74 நாட்களாக மாடிக்கு ஏறி வந்த அதே கால்கள்.

பெட்டியின் அருகே ஒரு பழைய வருகைப் பதிவேடு இருந்தது. பள்ளியில் பயன்படுத்தாமல் எஞ்சிய ஏடு. தேதிவாரியாகக் கட்டம் கட்டி, எத்தனை புழு, தண்ணீர் மாற்றியது, எடை, கழிவு இருந்ததா, பதுங்கிடத்திலிருந்து வெளியே வந்ததா என்று எழுதப்பட்டிருந்தது. வெளியே வராத நாட்களுக்கு 'ஆ' என்று சிவப்பு மையில் குறி, ஆப்சென்ட். அதைப் புரட்டியபோது மாணவருக்கு ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு முறை தோல் உரிக்கும் முன்னும் மூன்று, நான்கு நாட்கள் பல்லி இரையை மறுத்திருந்தது. அதே நாட்களில் சிவப்புக் குறிகள் அடுத்தடுத்து வந்தன. தோல் மங்கும் முன்பே உரிப்பு வரப்போவதை அந்தப் பதிவேடு காட்டியது. களத்தில் ஒவ்வொரு செடிக்கும் எண் பொறித்த தகடு கட்டி அளவெடுக்கும் ஆய்வாளரிடம், உடன் வாழ்ந்த பல்லியைப் பற்றி இப்படி ஒரு தரவுத்தொகுதி இல்லை. எடை ஜூனில் 61 கிராம்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை ஆய்வுலகத்தினர் அறிந்திருப்பது நல்லது. ஆய்வுக்கூட விலங்குகளுக்கு 1998ஆம் ஆண்டின் விதிகளும், நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுக்களும், விடுமுறை நாளிலும் கையொப்பமிடவேண்டிய ஏடுகளும் உண்டு. வாடகை அறையின் வளர்ப்பு விலங்கிற்கு அவை இல்லை. ஆயினும் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960 உண்டு. மனிதர் அல்லாத எந்த உயிரினமும் அச்சட்டத்தில் விலங்குதான், பல்லியும் அடங்கும். அதன் 3ஆம் பிரிவு கடமையை உரிமையாளர்மேல் மட்டும் சுமத்தவில்லை. விலங்கு யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்மேலும் சுமத்துகிறது. 11ஆம் பிரிவின்படி போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் இருப்பதும், தக்க காரணமின்றிக் கைவிடுவதும் குற்றம். அதாவது, நான்கு நாட்களுக்கு என்று சாவியைக் கொடுக்கும்போது ஒரு சட்டக் கடமையும் சேர்ந்தே கைமாறுகிறது. சாவியை வாங்கிக்கொள்பவருக்கு இதைச் சொல்வது நாகரிகம்.

எங்கிருந்து வந்த விலங்கு என்பது இதைவிடக் கடினமான கேள்வி. 2020 ஜூனில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், சைட்டிஸ் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம் என்று அறிவுறுத்தல் வெளியிட்டது. 2022இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தத்தில், அந்த இனங்கள் நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. 2024இல் வந்த விதிகள் அவற்றின் பதிவைக் கட்டாயமாக்கின. டோக்கே பல்லி 2019 முதல் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. சிறுத்தைப் பல்லி அதில் இல்லை. உலகெங்கும் பல தலைமுறைகளாக வளர்ப்பிடங்களிலேயே இனப்பெருக்கம் செய்யப்படுவது அது. எனினும் பட்டியலில் இல்லை என்பதால் மட்டும், ஒரு கடையில் கிடைக்கும் குறிப்பிட்ட பல்லி நேரிய வழியில் வந்தது என்று ஆகிவிடாது. மூத்த மாணவரிடம் ரசீது இருக்கவில்லை. ஆகவே இளையவரிடமும் இல்லை.

நம் மண்ணின் பல்லிகளைப் பிடித்து வளர்க்கும் ஆசை இதைவிட ஆபத்தானது. மைசூர்ப் பீடபூமியின் கருங்கல் பாறைகளில் வாழும் பல்லிகளில் பல, மிகக் குறுகிய பரப்புக்கு உரியவை. கோலார்ப் பகுதிப் பாறைகளிலிருந்து ஒன்று 2020இல்தான் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. கன்னடத்தில் பொன்னைக் குறிக்கும் 'பங்காரா' என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். சிறுத்தைப் பல்லியின் நெருங்கிய உறவினம் ஒன்று கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலிருந்து 2022இல் விவரிக்கப்பட்டது. தென்சீனத்துக் குகைப்பல்லி ஒன்று 1999இல் விவரிக்கப்பட்டதும் வணிகர்கள் அந்த இடத்தைத் தேடிச் சென்று அள்ளி, அதை அங்கே ஏறத்தாழ இல்லாமலாக்கிவிட்டார்கள். அறிவியல் விவரணையே ஓர் இனத்திற்குக் கேடாகலாம் என்று 2006இல் 'சயின்ஸ்' இதழில் எச்சரிக்கை வெளியானது. அதன் பிறகு பல ஆய்வாளர்கள் துல்லியமான இடத்தைக் கட்டுரைகளில் குறிப்பதைத் தவிர்க்கிறார்கள்.

2022இல் மாணவர் பட்டம் பெற்று, முதுமுனைவர் ஆய்வுக்கு ஜெர்மனி செல்லவேண்டியதாயிற்று. வழக்கப்படி ஓர் இளைய மாணவரிடம் பெட்டியை ஒப்படைக்க ஏற்பாடு செய்தார். அந்த அம்மா தடுத்தார்.

"இன்னொரு பிள்ளைகிட்ட எதுக்கு? அதுவும் நாலு வருஷத்துல படிச்சு முடிச்சுட்டுப் போயிடும். இது இங்கேயே இருக்கட்டும்."

பெட்டி மாடியிலிருந்து கீழ்வீட்டுக் கூடத்திற்கு இறங்கியது. மாவுப்புழு டப்பா வராந்தாவில் நிற்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்கு இன்றுவரை அனுமதி கிடைக்கவில்லை. அவர் மகனைப் பார்க்க அமெரிக்கா செல்லும் மாதங்களில் மாடி அறைக்குப் புதிதாக வந்த ஆய்வு மாணவி பல்லியைப் பார்த்துக்கொள்கிறார். இப்போது கீழ்வீட்டுச் சாவி மேலே போகிறது. பல்லியோடு தரப்படும் குறிப்பு நான்கு பக்கம், ஆசிரியையின் கையெழுத்து. எந்த விரலில் நுனி இல்லை என்பதும், அது பழைய காயம், புதியது என்று பதறவேண்டாம் என்பதும் அதில் இருக்கின்றன.

வளர்ப்புப் பல்லியை விட்டு ஊருக்குச் செல்பவர்கள் சிலவற்றைச் செய்து வைக்கலாம். பெட்டியை வேறு வீட்டுக்கு இடம் மாற்றாமல், பார்த்துக்கொள்பவரை வரச் சொல்வது பல்லிக்கு நல்லது. புது இடத்தில் அது இரையை மறுக்கும். குறிப்புத்தாள், திட்டமிட்ட நாட்களைவிடப் பல மடங்கு நீண்ட பிரிவுக்கும் பொருந்துவதாக இருக்கட்டும்: நீர், ஈரத்துணி, இரை, எடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்ற எண் வேண்டும். ஊர்வன பார்க்கும் மருத்துவரின் தொலைபேசி எண்ணைப் புறப்படும் முன்பே கண்டுபிடித்து எழுதிவையுங்கள். பார்த்துக்கொள்பவர் ஒரு முறையாவது உங்கள் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, இரை வைத்துப் பார்க்கட்டும். அவருக்கு ஒவ்வாத வேலை எது என்பது அப்போதே தெரிந்துவிடும். டிசம்பர், ஜனவரி விடுமுறையில் புறப்படுபவர்கள் தெர்மோஸ்டாட்டையும், மின்வெட்டு நேர்ந்தால் பெட்டியின்மேல் போர்த்தவேண்டிய கம்பளியையும் சேர்த்துக் காட்டிவிட்டுச் செல்லவேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் வெயில் செய்த உதவி அப்போது கிடைக்காது.